பன்னிரண்டு எண்ணிக்கை மௌனம்

இது நடந்தது. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து கடற்கரைக்குப் போகும் மணல் வழியில், ஜபாரின் மீன் வாடிக் கொட்டகைக்குப் பின்னால், அந்த வெள்ளைக் கொண்டெய்னர் இன்னும் நிற்கிறது. விருப்பமானவர்கள் போய்ப் பார்க்கலாம். இதில் வரும் நேரங்கள் எல்லாம் ஒரு தொலைபேசியில் பதிவானவை. ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நிலுக்சனுக்கு அப்போது முப்பது வயது. இசையில் பட்டம் படித்தவன். பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு வாத்தியம் பழக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய கருவி சைட் ட்ரம். பள்ளிப் பிள்ளைகள் தோளில் மாட்டி ஊர்வலத்தில் தட்டிப் போவார்களே, அதே ட்ரம்தான். ஆனால் அவன் அதைத் தாங்கியில் வைத்து, பக்கத்தில் வேறு வாத்தியம் எதுவும் இல்லாமல், தனியாக வாசிப்பவன்.

அவனுடைய மனைவி யூஜினி இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. டெங்குக் காய்ச்சல். திங்கள் படுத்தாள், வியாழன் போனாள்.

அடக்கத்தின்போது அவன் அழவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை. மாமியார் அவனுடைய முகத்தைப் பார்த்து, "கல்லு" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அவனுக்கு அது பிழையாகப் படவில்லை. அழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தடவுவதுபோல, அந்த இடத்தை அவ்வப்போது தடவிப் பார்த்துக்கொள்வான்.

வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருடம் இலவசமாகப் படிக்க ஓர் இடம் இருந்தது. யூஜினியின் சீப்பு இன்னும் சன்னல் ஓரத்தில் கிடக்கிற வீட்டைவிட்டுப் போக அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. ஏழு நிமிடத் தனி வாசிப்பு ஒன்றை வெட்டாமல், ஒட்டாமல், ஒரே பதிவாக வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். கடைசி நாள் பெரிய வெள்ளி. மாலை ஆறு மணி.

கடினமான உருப்படி. தோலில் குச்சி படுகிறதா இல்லையா என்று தெரியாத உருட்டலில் தொடங்கும். நான்கு நிமிடம் ஏறி ஏறி, ஓர் உச்சத்தில் சட்டென்று அறுபடும். குச்சிகள் இரண்டும் காற்றில் நிற்கவேண்டும். பன்னிரண்டு எண்ணிக்கைக்கு முழு மௌனம். பிறகு ஓங்கி ஓர் அடி. நடுவர்கள் அந்த மௌனத்தைத்தான் கேட்பார்கள் என்று அவனுடைய பழைய விரிவுரையாளர் எழுதியிருந்தார். அவனோ பத்திலேயே அவசரப்பட்டு இறங்கிவிடுவான். பழகவேண்டும். ஆனால் பழகத்தான் இடம் இல்லை.

வீட்டில் தட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் கத்தோலிக்கக் கோயில் மூப்பர் சாள்ஸ் வந்தார்.

"தம்பி, இது தபசு காலம். பெரிய வெள்ளி முடியிற வரைக்கும் ஊர் அடங்கி இருக்கவேணும்."

"தெரியும், மூப்பர்."

"கோயில் மேளத்துக்கே உறை போட்டு வச்சிருக்கிறம். கலியாணங்கூட இல்ல. ஊரில தட்டிற சத்தம் ரெண்டு இடத்திலதான் கேக்குது. ஒண்டு தச்சன்ட பட்டறை. மற்றது பொஞ்சாதி செத்து வருசம் திரும்பாத வீடு."

"இது பரீட்சைக்கு."

"ஆண்டவருக்கும் இது பரீட்சைக் காலந்தான்," என்றார் சாள்ஸ். நல்ல மனிதர். போகும்போது நெத்தலிக் கருவாடு ஒரு பை வைத்துவிட்டுப் போனார்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் ஜபார் கூப்பிட்டார். ஜபார் மீன் வியாபாரி. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரு துணிப்பையோடு வந்த குடும்பம். நிலுக்சன் அவரை அண்ணன் முறையில் நானா என்பான். அவருக்கு நிலுக்சன் மாஸ்டர்.

"மாஸ்டர், எண்ட மீன் பெட்டி சும்மாதான் கெடக்கு. குளிர் மெசினக் கழட்டி வித்திட்டன். உள்ளுக்க இடி விழுந்தாலும் வெளிய கேக்காது."

"கதவு மாட்டிக்கொண்டா?"

"மாட்ட என்ன இரிக்கி? பூட்டுக் கம்பியயும் கழட்டி வித்திட்டன். உள்ள இருந்து ஒரு தள்ளுத் தள்ளினாத் தொறக்கும்."

"வேற என்னத்த விக்காம வச்சிருக்கிறீங்க?"

"மீன் மணத்த. அத ஒருத்தனும் வாங்கிறான் இல்ல."

பெரிய வெள்ளிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, நிலுக்சன் முதல்முறை அந்த வெள்ளைக் கொண்டெய்னர் பெட்டிக்குள் ட்ரம்மையும் உட்கார ஒரு கதிரையையும் வைத்தான். பிற்பகல் 2:40. தடித்த சுவர்கள். கதவு ஓரமெல்லாம் றப்பர். மணலில் பெட்டி சற்றுச் சரிந்து நின்றதால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அதனால் நிலையில் ஒரு தென்னை மட்டையைச் செருகிவைத்தான். அந்த இடைவெளியால் வெளிச்சமும் காற்றும் வந்தன.

வாசித்தான். உச்சத்துக்கு ஏறினான். அறுத்தான். குச்சிகளைத் தூக்கிப் பிடித்து எண்ணினான். ஒன்று... இரண்டு... மூன்று...

நான்கில் ட்ரம் சரசரத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். சைட் ட்ரம்மின் அடித்தோலில் மெல்லிய கம்பிகள் வரிசையாக இழுத்துக் கட்டியிருக்கும். மேலே தட்டினால் அவை அதிரும். தட்டாவிட்டாலும் அதிரும். பக்கத்தில் யாராவது பேசினாலே போதும், பேச்சுக்கு ஏற்றபடி நடுங்கும். யூஜினி குசினியில் அடுப்படியில் நின்று கூப்பிட்டால் முன்னறையில் இருக்கிற ட்ரம் சரசரக்கும். அந்தக் காலத்தில் அது அவனுக்குப் பெரிய தொல்லை.

வெளியே எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. ஏதாவது படகு இயந்திரமாக இருக்கும் என்று நினைத்தான்.

செவ்வாயும் சரசரத்தது. புதனும் அப்படியே. வாடியில் ஐஸ் அரைக்கும் நேரத்தைத் தவிர்த்துப் பார்த்தான். மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகள் நின்றிருந்த ஒரு நாளிலும் பார்த்தான். ட்ரம்மை வீட்டுக்குக் கொண்டுபோய், சன்னல்களைச் சாத்தி, ஒரே ஒருமுறை மெதுவாக வாசித்தான். வீட்டில் சரசரக்கவில்லை.

பெட்டிக்குள் மட்டும். அதுவும் மௌனத்தில் மட்டும்.

இரண்டாவது கிழமையில்தான் அதற்கு ஓர் அளவு இருப்பதைக் கண்டுபிடித்தான். நான்கு சின்ன நடுக்கம். ஒரு நிறுத்தம். ஆறு சின்ன நடுக்கம். ஒரு நிறுத்தம். கடைசியில் ஒரே நீளமாக ஒன்று. ஒவ்வொரு நாளும் அதே அளவு. படகு இயந்திரம் இப்படிப் பேசாது.

பேச்சு. ஆம், பேச்சேதான். குரலைக் காதால் கேட்க முடியவில்லை. கம்பிகளுக்கு மட்டும் கேட்கிறது.

அன்று சோறு தின்னும்போது அவனுக்குப் பிடிபட்டது. யூஜினி தினமும் குசினியிலிருந்து சொல்வது. இஞ்ச வாங்க. சோறு ஆறிப் போச்சு. அசைக்கு ஒன்றாக விரலால் மேசையில் தட்டிப் பார்த்தான். நான்கு, ஆறு. சரியாக வந்தது. அந்த நீளமானதற்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை.

அவன் பயப்படவில்லை. பதினொரு மாதத்தில் முதல்முறையாக அன்று இரவு முழுக்க உறங்கினான். மறுநாளிலிருந்து பெட்டிக்குள் போகும்போது இரண்டு சோற்றுப் பார்சல் கொண்டுபோனான். மௌனத்தைப் பன்னிரண்டோடு நிறுத்தாமல் முப்பது, நாற்பது என்று நீட்டினான். அவள் பேசட்டும் என்று.

ஜபார் ஒருநாள் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

"ஆரோட கதைக்கிறீங்க மாஸ்டர்?"

"எண்ணுறன், நானா."

"எண்ணிறதுக்கு ஆரும் பதிலுக்குக் காத்து நிப்பாங்களா?"

ஜபார் இரண்டாவது சோற்றுப் பார்சலைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா வாறீங்க இல்ல. இஞ்ச மீன் மணத்துக்க ரெண்டு பேருக்குச் சோறு. எனக்கு இது புடிக்கல்ல மாஸ்டர். வீடியோவ எடுத்திட்டுக் கெதியா வெளியால வாங்க."

ஆனால் பதிவுதான் எடுக்க முடியவில்லை. இருபத்தாறு முறை எடுத்தான். இருபத்தாறிலும் மௌனத்தில் கம்பிகள் சரசரத்தன. கம்பிகளைத் தளர்த்தினால் ட்ரம் வெறும் பெட்டிபோல ஒலிக்கும். அப்படி அனுப்ப முடியாது. பெரிய வெள்ளி விடிந்தது.

இயேசுவைச் சிலுவையில் ஆணியடித்த நாளான பெரிய வெள்ளியில் அந்தக் கரையில் யாரும் எதையும் தட்டமாட்டார்கள். ஆணி அடிப்பதில்லை. விறகு கொத்துவதில்லை. உரலில் இடிப்பதில்லை. கோயில் மணிகூட வாய் கட்டியிருக்கும். படகுகள் மணலில் குப்புறக் கிடக்கும். தச்சன் பட்டறையும் பூட்டு. அன்று நண்பகலில் ஜபாரும் வாடிப் பொடியன்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். வருடத்தில் வேறு எந்த நாளும் அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருக்காது. பிறந்ததிலிருந்து அந்த நாளில் ஒரு கரண்டியைக்கூட ஓங்கி வைக்காமல் வளர்ந்தவன் அவன். அது தெரிந்துதான் போனான்.

12:31. பெட்டிக்குள் ஏறினான். சுள்ளென்ற வெயில். கரையில் ஒரு மனிதர் இல்லை.

தொலைபேசியைத் தாங்கியில் நிறுத்தினான். சின்ன விளக்கைப் போட்டான். ஒரு சத்தமும் உள்ளே வரக்கூடாது. ஆகவே குனிந்து, தென்னை மட்டையை உருவினான். கதவு மெதுவாக வந்து சாத்திக்கொண்டது. றப்பர் ஒட்டியது. காதுக்குள் ஓர் அழுத்தம்.

"யூஜினி," என்றான். "இண்டைக்கு மட்டும் பேசாத. நான் போகவேணும்."

கம்பிகள் அசையவில்லை.

12:50க்குத் தொடங்கினான். உருட்டல் மூச்சுப்போல வந்தது. ஏறியது. கை தன்பாட்டில் போனது. அறுத்தான். குச்சிகள் காற்றில்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

அமைதி.

பத்து... பதினொன்று... பன்னிரண்டு.

அடித்தான். சரியான இடம். வாழ்க்கையில் முதல்முறை சரியான இடம். கடைசி உருட்டல் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமல் போனது. 12:57. பதிவை நிறுத்தினான். எழுந்தான். கதவைத் தள்ளினான்.

12:58.

கதவு திறக்கவில்லை.

றப்பர் ஒட்டியிருக்கும் என்று தோளால் தள்ளினான். அசையவில்லை. காலை ஊன்றித் தள்ளினான். சுவரைத் தள்ளுவதுபோல இருந்தது. தொலைபேசியைப் பார்த்தான். சிக்னல் இல்லை. இரும்புப் பெட்டிக்குள் எப்படி இருக்கும்...

கையால் தட்டினான். பிறகு குத்தினான். 1:09.

வியர்வை கண்ணுக்குள் ஓடியது. சின்ன விளக்கு மங்கியது. மூச்சு குறுகி வந்தது. இந்தக் கரையில் இன்றைக்கு ஒரு மனிதர் இல்லை. உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது.

1:17.

கத்தினான்.

"ஜபார் நானா... கதவத் திறங்க..."

பின்னால் ட்ரம் சரசரத்தது.

அது வழக்கம்தான். பேசினால் கம்பிகள் நடுங்கும். மறுபடி கத்தினான்.

"ஜபார் நானா... கதவத் திறங்க..."

நான்கு நடுக்கம்.

நிறுத்தம்.

ஆறு நடுக்கம்.

அவனுடைய கை கதவிலேயே நின்றது.

பதினெட்டு நாளும் கேட்டது இதுதான். குசினி இல்லை. சோறு இல்லை. யூஜினி இல்லை. ஒருநாளும் அவள் வரவே இல்லை. இந்த வெள்ளிக்கிழமை, இந்த நேரம், இந்தக் கதவடியில் அவன் போடப்போகிற கூச்சல்.

வாயை மூடிக்கொண்டான்.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

அவன் கத்தவில்லை. மூச்சுக்கூட விடவில்லை.

கம்பிகள் நடுங்கின.

நான்கு.

ஆறு.

பிறகு அந்த நீளமானது.

நிற்கவே இல்லை...

விளக்கு அணைந்தது.

1:41க்கு ஜபார் கதவைத் திறந்தார். தலையில் தொப்பி அப்படியே இருந்தது. பள்ளிவாசலிலிருந்து நேரே வந்திருந்தார். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஜபார் அவனுடைய கையைப் பிடித்து மணலில் இறக்கிவிட்டார்.

"கதவு திறக்குது இல்ல, நானா. கத்தினன். கேக்கல்லயா?"

ஜபார் ஒருமாதிரிப் பார்த்தார்.

"கதவு நாலு வெரல் தொறந்துதான் கெடந்திச்சி மாஸ்டர். நீங்க கதிரையில இருந்தீங்க. என்னையே பாத்திட்டு."

நிலுக்சன் தன் கைகளைப் பார்த்தான். முக்கால் மணி நேரம் இரும்பில் குத்திய கைகள். ஒரு கீறல் இல்லை. சட்டை உலர்ந்திருந்தது.

வீடியோ தொலைபேசியில் இருந்தது. குறையில்லாத ஏழு நிமிடம். 5:12க்கு அனுப்பினான்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. உயிர்த்த ஞாயிறு அன்று அவன் யூஜினியின் கல்லறை இருக்கிற சேமக்காலைக்குப் போகவில்லை. அதற்கு முன் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. போகவில்லை என்பதே மாலையில்தான் நினைவுக்கு வந்தது. சன்னல் ஓரத்துச் சீப்பைக் குப்பையில் போட்டான். யூஜினியின் சேலைகளை மாமியார் வந்து கட்டிக்கொண்டு போனபோது, பிடித்து ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்தான். பசி எடுத்தது. உறக்கம் வந்தது. வருடம் திரும்பப் போகுது, ஆள் தேறிவிட்டான் என்று மூப்பர் சாள்ஸ் எல்லோரிடமும் சொன்னார். அவனும் அப்படித்தான் நினைத்தான். மரத்துப்போன அந்த இடத்தைத் தடவிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. அங்கே ஓர் இடம் இருந்ததும் மறந்துபோயிற்று.

மே மாதம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அந்த மௌனத்தைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதியிருந்தார்கள். இவ்வளவு இளம் வயதில் இப்படி ஒரு வெறுமையை யாரும் வாசித்துக் கேட்டதில்லையாம். செப்டம்பரில் விமானம் ஏறினான்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. அங்கே காலை 8:28. இங்கே பகல் 12:58. தொலைபேசி அடித்தது. ஜபார்.

"மாஸ்டர், நீங்க எங்க இருக்கிறீங்க?"

"என்ட அறையில, நானா. ஏன்?"

"மெய்யாத்தானா?"

"மெய்யாத்தான். என்ன நடந்தது?"

ஜபாருக்கு மூச்சு வாங்கியது.

"பெட்டிய இரும்புக்காரனுக்குக் குடுக்கப் பேசியாச்சு. கழுவினன். கழுவிப்போட்டுக் கதவச் சாத்தினன். உள்ள இருந்து தட்டிறாங்க."

"திறந்து பாத்தீங்களா?"

"மூணு தரம் பாத்திட்டன். உள்ள ஒண்டுமில்ல. வெறும் பெட்டி. சாத்தினாத் தட்டுது. புடிங்க, கேளுங்க."

ஜபார் தொலைபேசியைக் கதவில் வைத்திருக்கவேண்டும். முதலில் காற்றுச் சத்தம். பிறகு தூரத்தில், தடித்த சுவருக்கு அந்தப் பக்கம், குத்துகிற சத்தம்.

பிறகு குரல்.

ஜபார் நானா... கதவத் திறங்க...

நிலுக்சனுக்குத் தன் குரல் தெரியாதா...

குரல் நின்றது. அதன் பிறகு அந்த நீளமானது வந்தது. அப்போதுதான் அது என்னவென்று அவனுக்குத் தெரிந்தது. ஓர் ஆண் அழுகிறான். நெஞ்சு கிழிய, மூச்சு விடாமல், ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறான்.

நிலுக்சன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெயர் யாருடையது என்று யோசிக்க ஒரு கணம் பிடித்தது.

"கேட்டிச்சா?" ஜபார் திரும்பி வந்திருந்தார்.

"ஓம்."

"ஒங்கட குரல்தானே?"

"ஓம், நானா."

"மாஸ்டர், ஒண்டு கேக்கிறன். கோவிக்கப்படாது." ஜபாரின் குரல் நன்றாக இறங்கியிருந்தது. "அண்டைக்கி நான் கையப் புடிச்சி வெளிய எடுத்தது ஆர?"